வெள்ளிப் பூப்போட்ட துவக்கு

துவக்குக்கு நகை போட்டு அழகு பார்க்கும் மனிதரை நான் பேர்ண் பக்கத்துத் துன் நகரில்தான் முதன்முதலாகக் கண்டேன். துவக்குச் சத்தம் இல்லாத நாடு என்று நம்பி ஓடி வந்தவன் நான். வந்த ஆறாம் மாதமே முப்பத்தெட்டுத் துவக்குகளுக்கு எண்ணெய் பூசுகிற வேலை கிடைத்தது. என் தலையெழுத்தை எழுதியவனுக்கு நக்கல் கொஞ்சம் கூடத்தான்.

சத்தம் இல்லாத நாடு என்பதும் பொய். துன்னில் படைமுகாம் இருந்தது. சனிக்கிழமைகளில் ஊர்ச் சனமெல்லாம் சுடுதிடலுக்குப் போய்க் குறி பார்த்துச் சுட்டுவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். முதல் சனிக்கிழமை அந்தச் சத்தம் கேட்டதும் நானும் என்னோடு வேலை செய்த பாலேந்திரனும் ஹோட்டல் குசினியில் மேசைக்குக் கீழே புகுந்தோம். சமையல்காரன் கரண்டியோடு குனிந்து எங்களைப் பார்த்தான். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான். கரண்டி விழுந்துவிட்டது என்றேன். அன்று தொடங்கிய பொய், பிறகு என்னை விட்டு விலகவில்லை.

ஏரிக்கரை ஹோட்டலில் நானும் பாலேந்திரனும் கோப்பை கழுவினோம். மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகள் இரண்டரைக்கு முடியும். இராச் சாப்பாட்டு வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். இடையில் உள்ள மூன்று மணித்தியாலத்தை சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள், அறைக்குப் போய்க் கிடக்கச் சொல்லி விடுகிற நேரம். கிடந்தால் ஊர் ஞாபகம் வரும். அதனால் வியாழக்கிழமைகளில் ஹேர் ஏஷ்லிமன் வீட்டுக்குப் போனேன். ஹேர் என்றால் ஐயா.

ஏஷ்லிமன் வியாழன்தோறும் எங்கள் ஹோட்டலில் தனியாகச் சாப்பிடுகிறவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. நாற்பது வருடம் பொய்ப்பல் கட்டிய மனிதர். இப்போது கை நடுக்கம். தன் துவக்குகளைத் துடைத்து எண்ணெய் பூச நிதானமான கையுள்ள ஒருவர் வேண்டும் என்று ஹோட்டல்காரரிடம் கேட்டார். ஹோட்டல்காரர் என் கையைக் காட்டினார்.

வீட்டின் பின்னறை முழுவதும் துவக்கு. எல்லாம் குட்டைத் துவக்கு. கராபினர் என்பார். நூறு வருடத்துக்கு முன்னால் குதிரைப்படைக்காரர் முதுகில் மாட்டிக்கொண்டு போனவை. பழசானதும் படை அவற்றை விறகு விலைக்கு விற்றுத் தள்ளிவிட்டது. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவன் குழலுக்கு நிக்கல் பூசினான். ஒருவன் கட்டையில் கரடி செதுக்கினான். ஒருவன் மகளின் கலியாணத்துக்கு வெள்ளித்தகடு அடித்து இரண்டு பேரின் பெயரையும் வெட்டுவித்தான். கலியாணத்துக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு எனக்கு டொச், அந்த ஊர் ஜெர்மன், வராது.

மற்றச் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்டவற்றைத் தொடவும் மாட்டார்களாம். பிறகு யாரோ கைவைத்தது என்றால் அவர்களுக்குக் கெட்டுப்போன பண்டம். ஏஷ்லிமன் கெட்டுப்போனதைத் தேடித் தேடி வாங்கினார். "படை செய்தபோது எல்லாம் ஒரே முகம், ஹேர் மூர்த்தி," என்றார் ஒருநாள். உருத்திரமூர்த்தி என்ற என் பெயரில் அவருக்கு வாயில் தங்கியது அவ்வளவுதான். "யாராவது ஒருவன் ஆசைப்பட்டுக் கைவைத்த பிறகுதான் அதற்கு ஒரு ஆள் கிடைக்கிறது."

ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு மட்டை வைத்திருந்தார். நடுவில் கோடு. கோட்டுக்கு மேலே படை செய்தது. கீழே பிறகு சேர்த்தது. அடியில் இரண்டு வரி: உரிமையாளர் யார், சுடுமா சுடாதா. எதுவும் சுடாது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியை எல்லாத் துவக்கிலிருந்தும் கழற்றி, குசினியில் ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருந்தார். நான் கோப்பி ஊற்றப் போகும்போதெல்லாம் அந்தப் போத்தல் சீனிக்குப் பக்கத்தில் இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு தம்பி, தவச்செல்வன். பத்தொன்பது வயது. ஐயா இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவோடு இருந்தான். நான் வெளிக்கிட்டபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: அவனைத் துவக்குப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள், உன்னிடம் எடுப்பித்துக்கொள். தை மாதத்துக்குள் எடுப்பிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒழுங்கெல்லாம் நடந்துகொண்டிருந்தது. அதுவரை வீட்டுக்குள் அடங்கி இரு, யாரோடும் போகாதே, யாரோடும் வாய் கொடுக்காதே என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினேன்.

எண்பத்தாறாம் ஆண்டு சித்திரை மாதம் அவன் பதில் எழுதினான்.

"அண்ணை, என்னோடை படிச்ச பொடியள் பாதிப்பேர் இப்ப இல்லை. மிச்சப் பேர் என்னைக் கண்டா உன்ரை கொண்ணர் ஓடிட்டார் எண்டு சிரிக்கினம். நீங்கள் அங்கை கோப்பை கழுவுறியளாம். உண்மையோ அண்ணை? ஒரு படம் அனுப்புங்கோ."

கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் கோபத்தோடு கோப்பை கழுவினேன். கோபம் அவனில் இல்லை. சிரித்தவர்களிலும் இல்லை. சிரிப்பதற்கு இடம் கொடுத்த என்னில்தான்.

படம் என்றால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. பாலேந்திரனிடம் ஒரு கமெராவும், சாம்பல் நிறக் கோட்டு ஒன்றும் இருந்தன. துன், பேர்ண் பக்கத்துப் பொடியன்கள் எல்லோரும் அந்தக் கோட்டைப் போட்டு, ஸ்டேசனடியில் நிற்கும் யாருடையதோ காரில் கை வைத்துப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஊரில் பன்னிரண்டு தாய்மார் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே கோட்டில் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. படத்தின் பின்னால் எழுதுவது என் வேலை, எழுத்து உருண்டையாக இருக்கும் என்று. 'இது நான் வாங்கிய கார்.' 'இது எங்கள் கந்தோர்.' எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எனக்குக் கார் போதாது. ஓடியவனும் காரில் சாயலாம்.

ஏஷ்லிமனிடம் துவக்கோடு ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டேன். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய துவக்குகளோடு படம் எடுக்க யாரும் ஆசைப்பட்டதில்லை. அடுத்த வியாழன் பாலேந்திரனும் கோட்டும் கமெராவும் வந்தன. ஏஷ்லிமன் ஜன்னல் சீலையை விலக்கி வெளிச்சம் விட்டார். சுவரிலிருந்து பதினான்காம் இலக்கத்தைத் தானே இறக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் மணப்பெண். கட்டை முழுவதும் வெள்ளிக்கொடி, கொடியெல்லாம் மலைப்பூ, விசைக்கு மேலே சிப்பி பதித்து ஒரு மான். மான் தலைகள் மாட்டிய சுவரின் முன்னால், சாம்பல் கோட்டில், துவக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"சிரியாதை," என்றான் பாலேந்திரன். "சிரிச்சா பொம்மைத் துவக்கு மாதிரிக் கிடக்கு."

நான் சிரிக்கவில்லை.

இரண்டு பிரதி கழுவி வந்தது. ஒன்று ஏஷ்லிமனுக்கு, ஒன்று ஊருக்கு. அவர் தன் பிரதியைத் திருப்பிப் பென்சிலால் எழுதினார்: இன்ன வருடத்துத் துவக்கு, வெள்ளி வேலை இன்ன வருடம், ஊசி கழற்றியது, சுடாது. "சேகரிப்பவன் படத்தின் பின்னால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். எழுதாத படம் நாளைக்கு வேறு கதை சொல்லும்," என்றார். பென்சிலை என்னிடம் நீட்டினார். "உங்கள் தம்பிக்கு உங்கள் மொழியில் எழுதுங்கள்."

அவருடைய மேசையில், அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய பென்சிலாலேயே நான் எழுதினேன்.

'இது என்ரை சொந்தத் துவக்கு. இதாலை மூண்டு மான் சுட்டிட்டன். ஓடினவன் எண்டு சொல்லுறவைக்கு இதைக் காட்டு.'

ஏஷ்லிமன் கண்ணாடியைப் போட்டு அதை வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு அழகான எழுத்து," என்றார். "ஊசியைப் பற்றியும் எழுதினீர்களா?"

"யா," என்றேன்.

ஆனி மாதம் செல்வனிடமிருந்து நாலு வரி வந்தது. படம் கிடைத்தது, அம்மாவுக்குக் காட்டவில்லை, காட்ட வேண்டியவர்களுக்குக் காட்டினேன், இப்போது ஒருவரும் சிரிப்பதில்லை. வாசித்துவிட்டு நான் சீட்டியடித்தபடி கோப்பை கழுவினேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆவணியில் அம்மாவின் கடிதம் வந்தது. கடிதங்களை வழியில் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் யார் என்று எழுதவில்லை. 'வந்தவை' என்று மட்டும் எழுதியிருந்தா. அந்த வருடம் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குள் யாரும் இருக்கலாம்.

"வந்தவை வீடு முழுக்கக் கிண்டினவை. தம்பியின்ரை கணக்குப் புத்தகத்துக்குள்ளை உன்ரை படம் கிடந்தது. துவக்கோடை நிக்கிறாய். உன்ரை கொண்ணன் ஆருக்குத் துவக்கு அனுப்புறான், எங்கை தாட்டு வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம். நான் பின்னாலை ஓடினன். அது என்ன துவக்கு மோனை? உனக்கேன் துவக்கு? அவையிட்டைச் சொல்ல எனக்கு ஒண்டும் தெரியாது. கெதியாய் எழுது."

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழன் வரை நான் காத்திருக்கவில்லை. ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஏஷ்லிமன் வீட்டுக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த டொச்சில், தெரியாததற்குக் கையால், எல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. பிறகு தெளிந்தது.

"பயப்படாதீர்கள். படத்தின் பின்னால்தான் எழுதியிருக்கிறீர்களே, சுடாது என்று. அதைக் காட்டச் சொல்லுங்கள்."

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஹேர் மூர்த்தி, என்ன எழுதினீர்கள்?"

சொன்னேன். மூன்று வரியையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மானுக்குச் சொல் வரவில்லை. சுவரில் இருந்த தலையைக் காட்டினேன். அந்த வயதான மனிதர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து போய்த் தட்டச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நடுங்குகிற கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிக்கத் தொடங்கினார். துவக்கின் வயது. வெள்ளி வேலையின் வயது. ஊசி இல்லை, அது என் குசினியில் ஒரு போத்தலில் இருக்கிறது. அறுபது வருடமாக இந்தத் துவக்கு ஒருவரையும் சுடவில்லை.

உரிமையாளர் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"படத்தில் உங்களுடையது என்று இருக்கிறது. கடிதத்தில் என்னுடையது என்று இருந்தால், இரண்டில் ஒன்று பொய் என்று பிடிப்பார்கள். பிறகு ஊசி விஷயத்தையும் நம்பமாட்டார்கள்." விரலைத் தட்டச்சிலிருந்து எடுத்தார். "நான் பொய் எழுதவும் மாட்டேன்."

பதினான்காம் இலக்க மட்டையை எடுத்தார். உரிமையாளர் என்ற வரியில் தன் பெயரை அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து வெட்டினார். என்னுடைய முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். தேதி போட்டார். கையெழுத்து வைத்தார். "இப்போது உங்களுடையது. இனி அது பொய் இல்லை," என்றார். பிறகு மிகுந்த கவலையோடு, "மான்களுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியாது," என்றார்.

அவருக்குப் பைத்தியமில்லை. பகிடியும் விடவில்லை. தன் சேகரிப்பிலேயே விலை கூடிய பொருளை, ஒரு வரி உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஏப்ரனோடு நின்ற ஒரு கோப்பை கழுவுகிறவனுக்குக் கொடுத்தார். எனக்கு அது பெரிய உபகாரமாகத்தான் பட்டது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துவக்கு அங்கேயே சுவரில் இருக்கட்டும் என்று சொன்னேன். சேகரிப்பாளர் சங்கத்தின் வட்ட முத்திரையைக் கடிதத்தில் இரண்டு இடத்தில் குத்தினார்.

பாலேந்திரன் ஊரில் கிளாக்காக இருந்தவன். அவன் அதை ஆங்கிலத்தில் எழுதினான். இரண்டையும் அம்மாவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

அதன்பிறகு இரண்டு மாதம் தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் ஹோட்டல் பின்வாசலில் நின்றேன். செல்வன் படத்தைத் தூக்கிப்பிடித்து நண்பர்களுக்குக் காட்டுவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருப்பான். யாரோ கேட்டிருப்பான். கேட்டவன் போய் இன்னொருவனிடம் சொல்லியிருப்பான். நான் காட்டு என்று எழுதினேன், பிள்ளை காட்டினான். சின்ன வயதிலிருந்து அவன் நான் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஐப்பசி முடிவில் அம்மாவின் பதில் வந்தது.

"மோனை, உன்ரை கடிதங்களைக் கொண்டு அவையிட்டை நாலு தரம் நடந்தன். நாலாந்தரம் உள்ளுக்கை விட்டினம். கதிரையிலை இருந்தது ஒரு சின்னப் பொடியன். மரியாதையாய்த்தான் கதைச்சான். இங்கிலீசுக் கடிதத்தை முழுக்க வாசிச்சான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு உன்ரை படத்தை எடுத்துத் திருப்பி, பின்னாலை எழுதியிருந்ததை எனக்கு வாசிச்சுக் காட்டினான். அதுவரைக்கும் அப்பிடி ஒண்டு எழுதியிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாது.

"நான் சொன்னன், தம்பி, என்ரை மூத்தவன் சின்னனிலை இருந்தே பெரிய புளுகன், இதுவும் அவன்ரை புளுகு, அவன் அங்கை கோப்பை கழுவுறவன் எண்டு. அதுக்கு அவன் சொன்னான், அம்மா, படத்திலையும் துவக்கு உங்கடை மகன்ரை எண்டு கிடக்கு. இந்தக் கடிதத்திலையும் உங்கடை மகன்ரை எண்டு முத்திரை குத்திக் கிடக்கு. ரெண்டும் ஒத்துவருது. பிறகு எதை அம்மா புளுகு எண்டுறியள்? ஊசி இல்லை எண்டு சொன்னன். போத்திலிலை கிடக்கிற ஊசியை எடுத்துப் போட எவ்வளவு நேரம் செல்லும் எண்டு கேட்டான்.

"செல்வன் அங்கை இல்லையாம். வேறை இடத்துக்குக் கொண்டு போனதாம். எந்த இடம் எண்டு சொல்லேல்லை. அவன்ரை செருப்பைத் தந்து விட்டினம்.

"உன்னைப் புளுகன் எண்டு பிறத்தியாருக்கு முன்னாலை சொன்னதுக்கு மனவருத்தப்படாதை ராசா. இனிப் படம் ஒண்டும் அனுப்பாதை."

இதை ஏஷ்லிமனுக்கு நான் சொல்லவில்லை. வியாழன் போனபோது, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். வாசித்தார்களா என்று கேட்டார். முழுவதும் வாசித்தார்கள் என்றேன். முத்திரை தெளிவாகத் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்றேன். "அப்படியானால் விட்டுவிடுவார்கள்," என்றார். எழுதியது எல்லாம் உண்மை என்பதால் அவருக்கு வேறு சந்தேகம் இல்லை. எனக்கு ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தார். பதினான்காம் இலக்கத்தைச் சுவரிலிருந்து இறக்கி என் மடியில் வைத்தார். வெள்ளிப்பூக்களுக்கு நடுவில் கறுத்திருந்தது. சீலையை நனைத்து ஒவ்வொரு பூவாகத் துடைத்தேன்.

மூன்று வருடம் ஆகிவிட்டது. தை மாதங்கள் வந்து போகின்றன. அம்மா இன்னும் நடக்கிறா. செல்வனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

போன ஞாயிறு பாலேந்திரன் ஸ்டேசனடியில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அதே சாம்பல் கோட்டு, முழங்கையில் நூல் விட்டிருந்தது. புதுச் சிவப்புக் கார். என்னிடம் பேனையை நீட்டினான்.

"பின்னாலை வழக்கம்போலை எழுதன் அண்ணை."

மூன்று வருடமாக நான் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அன்று வாங்கி எழுதினேன். நிறுத்தி, உருண்டை எழுத்தில் எழுதினேன். 'கோட்டு நாலு வருடப் பழசு. கார் யாருடையது என்று தெரியாது. இவர் துன்னில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். நல்ல பிள்ளை.'

பாலேந்திரன் வாசித்துவிட்டுப் படத்தை என் முன்னாலேயே நாலாகக் கிழித்தான்.

"உனக்கு விசரோ அண்ணை? ஒரு படத்துக்குப் பின்னாலை எழுதினதை ஆர் பாக்கப்போறான்?"

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னான் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். நானும் குனிந்து பொறுக்கினேன்.